இணைப்பு மதிப்பெண் கூடினால் தேடலில் மேலே வருமா?

கேள்வி | 2024 பிப்ரவரி 6

என் தளத்துக்கு ஒரு கட்டணக் கருவி 100க்கு 41 மதிப்பெண் போடுகிறது. அதே பொருளில் எழுதும் இன்னொரு தளத்துக்கு 18தான். ஆனால் நான் குறிவைத்த தேடல்சொல்லைக் கூகுளில் போட்டால் அந்தப் 18தான் முதலில் நிற்கிறது. நான் இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறேன். உள்வரும் இணைப்புகளை எண்ணிப் போடும் மதிப்பெண்ணுக்கும் தேடல் வரிசைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, இணைப்பு விற்பவர்கள் கட்டிவிட்ட கதை இது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 6, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதிதான்.

அந்த 41 யார் போட்டது? கூகுள் போடவில்லை. மோஸ் நிறுவனத்தின் டொமைன் அத்தாரிட்டி, ஏரெஃப்ஸ் நிறுவனத்தின் டொமைன் ரேட்டிங் எல்லாம் அவரவர் ரோபோக்கள் (வலைப்பக்கங்களைத் தானாகப் படித்துத் திரியும் நிரல்கள்) திரட்டிய இணைப்புகளிலிருந்து அவரவர் போட்ட கணக்கு. கூகுளின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. போதாக்குறைக்கு அது தளம் முழுமைக்குமான எண். தேடலில் போட்டியிடுவதோ தனித்தனிப் பக்கங்கள்.

ஆகவே உங்கள் சான்று நிரூபிப்பது ஒன்றைத்தான்: ஒரு கருவியின் எண் கூகுளின் வரிசையை முன்கூட்டிச் சொல்லவில்லை. கூகுள் தனக்குள் வைத்திருக்கும் இணைப்புக் கணக்கு பயனற்றது என்பதற்கு இது சான்றாகாது.

பிப்ரவரி 7

நேற்று அவசரமாக எழுதியதை விரித்துச் சொல்கிறேன். பேஜ்ரேங்க் (இணைப்புகளை வைத்துப் பக்கங்களுக்கு மதிப்புப் போடும் கூகுளின் கணக்கு) என்ற சொல்லைத் தூக்கி எறிபவர்களில் பலர் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்ததில்லை என்பது என் சந்தேகம். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் எழுதியது. படிக்கக் கடினமானதும் அல்ல.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1997 நவம்பர் நிலவரப்படி, முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில் தன் பெயரைத் தேடினால் தன்னையே முதல் பத்துக்குள் காட்டியது ஒன்றே ஒன்றுதானாம். பக்கத்தில் உள்ள சொற்களை மட்டும் எண்ணினால் எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஒரே சொல்லை நூறு தடவை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அடித்துவைத்தவன் ஜெயித்துக்கொண்டிருந்த காலம்.

கணக்கு இதுதான். ஒரு பக்கத்தின் மதிப்பு அதற்கு இணைப்புத் தரும் பக்கங்களிலிருந்து வருகிறது. தருகிற பக்கம் தன் மதிப்பைத் தன்னிடமிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கெல்லாம் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. அதை 0.85ஆல் பெருக்கி, 0.15 சேர்க்க வேண்டும். அந்த 0.85க்கு அவர்கள் சொன்ன விளக்கம்: இணைப்புகளைச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒருவர் ஒரு கட்டத்தில் சலித்துப்போய் வேறு எங்காவது தாவிவிடுகிறார். ஆசிரியர்களும் சறுக்கிய இடம் ஒன்று அதில் இருக்கிறது. எல்லாப் பக்கங்களின் மதிப்பையும் கூட்டினால் 1 வரும் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த வாய்பாட்டின்படி கூட்டினால் பக்கங்களின் எண்ணிக்கைதான் வரும். 0.15ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்குத் தேவையான வரி: இந்த மதிப்பு தேடல்சொல்லைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் எதைத் தேடினாலும் ஒரு பக்கத்தின் பேஜ்ரேங்க் அதேதான். முதலில் சொற்கள் எங்கே, எவ்வளவு, எந்த எழுத்தளவில் வருகின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண். பிறகு அதோடு பேஜ்ரேங்க்கைச் சேர்த்து இறுதி வரிசை. 1998லேயே நிலைமை இப்படித்தான். தனியாக நின்று ஆட்சி செய்த காலம் அதற்கு என்றுமே இருந்ததில்லை.

பிப்ரவரி 7, சற்றுக் கழித்து

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு: மூன்றே பக்கங்கள். முகப்பு மற்ற இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. அவை இரண்டும் முகப்புக்கு மட்டும் திருப்பித் தருகின்றன. முகப்புக்கு ஏறக்குறைய 1.46, மற்றவற்றுக்குத் தலா 0.77. இனி அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று இணையுங்கள். மூன்றுக்கும் சரியாக 1 ஆகிவிடும். மொத்தம் அதே 3தான், பங்கு மட்டும் மாறியது. தளத்துக்குள்ளே இணைப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு மதிப்பைப் பெருக்கலாம் என்று யாராவது பாடம் நடத்தினால் இதைக் காட்டுங்கள். வெளியிலிருந்து எதுவும் வராதவரை உள்ளே நடப்பது பங்கீடு மட்டுமே.

பிப்ரவரி 9

டூல்பார் (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கருவிப்பட்டை) காலத்தில் நான் ஒரு தளம் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய மென்பொருள்களின் கையேடுகளில் விடுபட்டவற்றைப் பற்றிய குறிப்புகள். கூகுள் 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட டூல்பாரில் ஒரு சின்னப் பச்சைப் பட்டை இருக்கும். 0 முதல் 10 வரை மதிப்பெண். அந்தப் பச்சையை விரலால் அளந்து பார்க்காத தள உரிமையாளர் அந்நாளில் இல்லை.

என் தளத்தில் பட்டை அதிகம் நிறைந்த பக்கம், பயனுள்ள தளங்களின் பட்டியல் ஒன்று. அதற்கு 5. பல இடங்களிலிருந்து இணைப்பு வந்துகொண்டிருந்தது. வருகையாளரோ காற்று வாங்கப் போனது போல எப்போதாவது ஒருவர். இன்னொரு பக்கம், அச்சுப்பொறி ஒன்று காட்டும் ஒரு குறிப்பிட்ட பிழைச் செய்தியைப் பற்றியது. பட்டை ஏறக்குறைய வெள்ளை. தளத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தார்கள், எல்லோரும் தேடல் வழியாக. அந்தப் பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து பதிவு செய்திருந்த பக்கங்கள் உலகில் சொற்பம். போட்டி இல்லாத இடத்தில் இணைப்பு மதிப்பெண்ணுக்கு வேலையும் இல்லை.

அப்போது நானும் நீங்கள் எழுதியதைப் போலத்தான் நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு வேறொரு பக்கத்தில் எல்லோரும் எழுதும் ஒரு பொதுத் தலைப்பைத் தொட்டேன். பல்கலைக்கழகத் தளங்களும் பெரிய இதழ்களும் வரிசையில் நின்றன. எவ்வளவு திருத்தி எழுதினாலும் அந்தச் சுவரில் ஒரு செங்கல்லும் அசையவில்லை. உள்ளடக்கம் ஏறக்குறையச் சமமாக இருக்கும் இடத்தில்தான் இணைப்புகளின் பலம் தெரியும்.

பிப்ரவரி 9, பின்குறிப்பு

அந்தப் பச்சைப் பட்டையை நம்பிப் பணம் கொடுத்து டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கியவர்களும் இருந்தார்கள். பெரிய தளம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டால் போதும், வெற்று டொமைனுக்கும் 10 காட்டும். விற்ற பிறகு திருப்பத்தை எடுத்துவிடுவார்கள். பச்சை மெல்ல வெளுக்கும்.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் கேட்டது பொதுவாகவும் பயன்படும்: "கூகுளே அந்தப் பட்டையை நீக்கிவிட்டதே, அப்படியானால் பேஜ்ரேங்க் செத்துவிட்டது என்றுதானே பொருள்?"

பட்டை செத்தது. 2009 அக்டோபரில் தள உரிமையாளர்களுக்கான பகுதியிலிருந்து எடுத்தார்கள். 2013 டிசம்பரோடு புதுப்பிப்பதை நிறுத்தினார்கள். 2016ல் டூல்பாரிலிருந்தே போய்விட்டது. ஆனால் 2017 பிப்ரவரியில் கூகுளின் கேரி இலியெஸ், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் வரிசைப்படுத்த பேஜ்ரேங்க்கைப் பயன்படுத்துவதாகவும், கூடவே நூற்றுக்கணக்கான வேறு குறிகளும் உண்டு என்றும் வெளிப்படையாகவே எழுதினார். காட்டுவதை நிறுத்தினார்கள், கணக்கிடுவதை நிறுத்தவில்லை.

பட்டையும் உள்ளே இருந்த மதிப்பும் ஒன்றே என்று நினைப்பதும் சரியல்ல. பட்டை சில மாதங்களுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்பட்டது. உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 2007 அக்டோபரில் இணைப்பு விற்ற தளங்களின் பட்டையைக் கூகுள் குறைத்தபோது, வருகை குறையவே இல்லையே என்று பலர் சொன்னார்கள். அதைத்தான் "மதிப்பெண்ணுக்கும் வரிசைக்கும் தொடர்பில்லை" என்பதற்குச் சான்றாக அப்போது நீட்டினார்கள். கண்ணாடியில் கீறல் போட்டால் முகத்தில் இரத்தம் வரவில்லை என்று வியந்தது போல.

பிப்ரவரி 13

இதில் நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. தன் பேஜ்ரேங்க்கைக் குறைத்துவிட்டார்கள் என்று சர்ச்கிங் நிறுவனம் 2002ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கூகுள்மீது வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு தள்ளுபடி. அந்த எண் கூகுளின் கருத்து, கருத்துச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். எண் வடிவில் இருப்பதாலேயே ஒன்று அளவீடு ஆகிவிடாது என்பதை ஒரு நீதிமன்றம் எழுதிவைத்திருப்பதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி.

பிப்ரவரி 20

இணைப்பு என்றவுடன் மதிப்பை மட்டும் பேசுகிறோம். இணைப்பில் உள்ள சொற்களை மறந்துவிடுகிறோம்.

"படுதோல்வி" என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்றொடரைத் தேடினால் அமெரிக்க அதிபர் புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது நினைவிருக்கிறதா? 2003ல் தொடங்கிய விளையாட்டு. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்கள் கிடையவே கிடையாது. நிறையப் பேர் அந்தச் சொற்களையே இணைப்பு வாசகமாக வைத்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 2007 ஜனவரியில்தான் கூகுள் இதற்கு ஒரு வழிமுறைத் திருத்தம் கொண்டுவந்தது.

இணைப்புகள் வரிசையைப் பாதிக்கின்றனவா என்பதற்கு இதைவிடப் பச்சையான சோதனையை எந்த ஆய்வகமும் செய்திருக்க முடியாது. அதே சமயம் இது தூய பேஜ்ரேங்க்கின் வேலையும் அல்ல. வெள்ளை மாளிகைத் தளத்துக்கு மதிப்பு ஏற்கெனவே ஏராளம். அந்தத் தேடல்சொல்லுக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தியது இணைப்பு வாசகம். 7ஆம் தேதி நான் எழுதிய "தேடல்சொல்லைப் பார்ப்பதே இல்லை" என்பதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். மதிப்பு பார்ப்பதில்லை, வாசகம் பார்க்கிறது. இரண்டும் ஒரே இணைப்பில் சவாரி செய்கின்றன. நடைமுறையில் பிரித்தறிவது பெரும் தலைவலி.

பிப்ரவரி 21

அந்தத் தலைவலிக்கு என் தளமே உதாரணம். முகப்பிலிருந்து நான்கு சொடுக்கு ஆழத்தில் ஒரு பக்கம் கிடந்தது. சர்வர் பதிவேட்டில் பார்த்தால் கூகுளின் ரோபோ அந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். முகப்பில் ஒரு நேரடி இணைப்பு வைத்தேன். ரோபோ அடிக்கடி வரத் தொடங்கியது, பக்கமும் தேடலில் மேலேறியது.

எது ஏற்றியது? முகப்பிலிருந்து பாய்ந்த மதிப்பா? இணைப்பில் நான் எழுதிய தெளிவான வாசகமா? ரோபோ புதிய வடிவத்தைப் படித்துக்கொண்டதா? ஒரே இணைப்பு மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. "இணைப்பு வைத்தேன், மதிப்பு கூடியது, மேலே வந்தேன்" என்று சொல்பவர்களின் கதைகளில் இந்த முடிச்சு எப்போதும் இருக்கும். என் கதையிலும் இருக்கிறது. ஆனால் ரோபோவின் வருகை பதிவேட்டில் தேதியோடு நிற்கிறது. அதை மட்டும் என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

மார்ச் 1

ஒருவர் கேட்கிறார்: "கருவி நிறுவனங்கள் லட்சக்கணக்கான தேடல்களை ஆராய்ந்து, மேலே உள்ள பக்கங்களுக்கு இணைப்பு அதிகம் என்று வரைபடம் போடுகின்றனவே?"

போடுகின்றன. முதலிடத்தில் இருக்கும் பக்கத்தை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அவர்களில் சிலர் எழுதும்போது அதற்கே இணைப்புக் கொடுக்கிறார்கள். மேலே இருப்பதால் இணைப்பு வந்ததா, இணைப்பு வந்ததால் மேலே போனதா? வரைபடம் சொல்லாது.

கூகுளிலேயே நடந்த சோதனை ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. இணைப்புகளை முற்றிலும் விலக்கிய ஒரு வடிவத்தை உள்ளே ஓட்டிப் பார்த்ததாகவும், தரம் மிக மோசமாக இருந்ததாகவும் கூகுளின் மேட் கட்ஸ் 2014ல் சொன்னார். அதே ஆண்டு ரஷ்யத் தேடுபொறி யாண்டெக்ஸ் அதை வெளியிலேயே செய்தது: மாஸ்கோ வட்டாரத்தில் சில வணிகத் தேடல்களுக்கு இணைப்புகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. மறு ஆண்டே இணைப்புகள் திரும்பி வந்தன. கூடவே, இணைப்பு வாங்கியவர்களைத் தண்டிக்கும் மினுசின்ஸ்க் என்ற வழிமுறையும் வந்தது. இணைப்பு வெறும் கதை என்றால் இவ்வளவு அல்லாடியிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 2

நோஃபாலோ (இந்த இணைப்புக்கு மதிப்புக் கொடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. கருத்துப் பகுதிக் குப்பைகளை ஒடுக்க. உடனே நம் ஆட்கள் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். பத்து இணைப்பில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டால் மீதி ஐந்துக்கு இரட்டிப்புப் பங்கு என்று கணக்குப் போட்டுத் தளத்தைச் செதுக்கினார்கள். அந்தக் கணக்கை ஏற்கெனவே மாற்றிவிட்டதாக 2009 ஜூனில் கூகுள் அறிவித்தது: பங்கு பத்தாகவே பிரியும், நோஃபாலோ போட்ட ஐந்தின் பங்கு யாருக்கும் போகாமல் ஆவியாகும். 2019 செப்டம்பரிலிருந்து அது கட்டளைகூட அல்ல, ஒரு குறிப்பு மட்டுமே.

மார்ச் 14

இந்த மாதம் கூகுள் தன் குப்பைத் தடுப்பு விதிகளைப் புதுப்பித்தது. இணைப்புகள் பற்றிய வாக்கியத்தில் முன்பு "முக்கியமான" காரணி என்று இருந்தது. இப்போது "முக்கியமான" இல்லை, காரணி மட்டும் நிற்கிறது. கேள்வி கேட்டவர் வெற்றிக் களிப்பில் எனக்கு அதை அனுப்பியிருக்கிறார். இணைப்புகள் முதல் மூன்று காரணிகளில் இல்லை என்று கேரி இலியெஸ் சென்ற ஆண்டு சொன்னதையும் கூடவே.

திசையை ஒப்புக்கொள்கிறேன். 2012 ஏப்ரலில் செயற்கை இணைப்புகளைப் பிடிக்கும் பெங்குயின் என்ற கூகுள் வழிமுறை வந்ததிலிருந்து செயற்கை இணைப்புகளின் மதிப்பு சரிந்துகொண்டுதான் வருகிறது. 2016க்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தண்டிப்பதுகூட இல்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். வாங்கியவருக்கு இது தண்டனையைவிடக் கொடுமை. பணம் போனதே தெரியாது.

ஆனால் கூகுள் அலுவலர்கள் மேடையில் சொல்வதை நான் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுவேன். "இணைப்பு முக்கியம்" என்று சொன்னால் மறுநாள் உலகம் முழுக்க இணைப்புச் சந்தை சூடுபிடிக்கும். சொல்லாமல் இருப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது.

மே 30

தூங்கிக்கொண்டிருந்த இழையை எழுப்பக் காரணம் கிடைத்துவிட்டது. கூகுளின் உள் ஆவணங்கள் ஒரு மூட்டை வெளியே சிந்தியிருக்கின்றன. தேடலுக்குப் பக்கங்களைச் சேமிக்கும் அமைப்பின் புலப்பெயர்களும் (ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் குறித்துவைக்கும் தகவல்களின் பெயர்கள்) விளக்கங்களும். பேஜ்ரேங்க் என்ற பெயர் பல இடங்களில் இருக்கிறது, முகப்புப் பக்கத்தின் பேஜ்ரேங்க் என்று தனியாகவும் ஒன்று. தளம் முழுமைக்குமான அதிகாரம் என்ற பெயரிலும் ஒரு புலம் உண்டு.

குதிப்பவர்கள் கவனிக்க: புலம் இருப்பது வேறு, வரிசைப்படுத்தும்போது அதற்கு எவ்வளவு எடை என்பது வேறு. எடை எதுவும் அந்த மூட்டையில் இல்லை. சென்ற ஆண்டு ஜனவரியில் யாண்டெக்ஸின் மூல நிரல் கசிந்தபோது அதன் காரணிப் பட்டியலிலும் பேஜ்ரேங்க் இருந்தது. அப்போதும் இதே குதிப்பு.

தளத்துக்கான மதிப்பு எதுவும் இல்லை என்று கூகுள்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். இப்போது அப்படி ஒரு புலம் தென்படுவதால், பிப்ரவரி 6 அன்று "போட்டியிடுவது தனித்தனிப் பக்கங்கள்" என்று நான் எழுதிய வரியின் ஓரத்தில் இப்போது ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வரியை அடிக்க மாட்டேன். புதுப் பக்கம் ஒன்றுக்குச் சொந்த இணைப்பு எதுவும் வருவதற்கு முன் தளத்தின் பெயரைப் பார்த்து ஏதோ ஒரு தொடக்க மதிப்பு கொடுத்துத்தானே ஆக வேண்டும்? பெரிய இதழின் கட்டுரை வெளியான சில நிமிடங்களில் மேலே வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித் தோன்றும்.

2024 ஆகஸ்ட் 8

அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் கூகுள் தேடலில் ஏகபோகம் செய்கிறது என்று நீதிபதி அமித் மேத்தா ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். நம் விவாதத்துக்கு வேண்டியது அதில் வேறொன்று. விசாரணையில் கூகுளின் பாண்டு நாயக், நாவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றிச் சாட்சி சொன்னார். தேடுபவர்கள் எதைச் சொடுக்கினார்கள் என்ற 13 மாதத் தரவை வைத்துக்கொண்டு முடிவுகளைச் சலித்தெடுப்பது அதன் வேலை.

உங்கள் 41க்கும் அவரது 18க்கும் விடை இங்கே இருக்கலாம் என்று நினைக்கிறேன். தேடி வந்தவர்கள் அவர் பக்கத்தில் தங்கிவிடுகிறார்கள். உங்கள் பக்கத்திலிருந்து உடனே திரும்பிப் போய் அடுத்ததைச் சொடுக்குகிறார்கள். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விடை ஏழாவது பத்தியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் உள்ள ஆறு பத்திகளை யாருக்காக எழுதினீர்கள்?

ஆகஸ்ட் 9

கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுத்து நன்றாக இருக்கிறது, இடம்தான் தவறு.

2025 மே 17

அதே வழக்கின் ஆவணங்களில் கூகுள் பொறியாளர் ஒருவரின் விளக்கம் வெளிவந்திருக்கிறது. பேஜ்ரேங்க் என்பது நல்லது என்று ஏற்கெனவே தெரிந்த மூலம் ஒன்றிலிருந்து ஒரு பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஒரே ஒரு குறி. தர மதிப்பெண்ணுக்குள் அது ஓர் உள்ளீடு. கிட்டத்தட்ட இந்தப் பொருளில் இருக்கிறது.

இது புது யோசனையும் அல்ல. சலித்துப்போனவர் எங்கே தாவுகிறார் என்பதை மாற்றினால் மதிப்பெண்கள் எல்லாம் மாறும் என்று 1998லேயே பேஜும் பிரின்னும் அவர்களுடைய தோழர்களும் எழுதியிருந்தார்கள். கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தியின் முகப்பையே மூலமாக வைத்து ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார்கள். 2004ல் டிரஸ்ட்ரேங்க் என்ற பெயரில் ஸ்டான்ஃபோர்டும் யாஹூவும் சேர்ந்த ஒரு குழு இதே வழியில் போனது: மனிதர்கள் பார்த்துத் தேர்ந்த சில நல்ல தளங்களிலிருந்து தொடங்கி, நம்பிக்கையை இணைப்பு வழியே பாயவிடுவது.

தூரம் என்று வைத்துப் பார்த்தால் எண்ணிக்கைக் கதை அடிபட்டுப் போகிறது. நல்ல மூலத்திலிருந்து இரண்டு தாவல் தூரத்தில் உள்ள ஒரே ஒரு இணைப்பு, யாருமே இணைக்காத ஐந்நூறு தளங்களிலிருந்து வரும் இணைப்புகளைவிடப் பெரிது. அந்த மூலங்கள் எவை என்று கூகுள் வெளியிடாது. ஆகவே எந்தக் கருவியின் 41ம் அதைக் காட்டவும் முடியாது.

மே 18

கேள்வி கேட்டவர் தகவல்: ஆறு பத்திகளைக் கீழே இறக்கினாராம், முதல் பக்கத்தின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டாராம். மதிப்பெண் இப்போது 39. குறைந்திருக்கிறது!

இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. இடையில் ஓராண்டு ஓடியிருக்கிறது, கூகுளும் எத்தனையோ முறை தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது.

மே 19

கருவிக்கான சந்தாவை நிறுத்திவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். கட்டியாயிற்று என்றால் அந்தத் தவணை முடியும்வரை ஒரு வேலைக்குப் பயன்படுத்துங்கள். வெளித் தளங்களிலிருந்து உங்களுக்கு வரும் இணைப்புகளில், நீங்கள் நீக்கிவிட்ட முகவரிகளில் போய் 404இல் (பக்கம் இல்லை என்ற பிழை) முட்டி நிற்பவை எவை என்று ஒரு பட்டியல் தரும். ஒவ்வொன்றையும் அதே பொருளில் உள்ள புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திருப்பம்) போட்டுத் திருப்புங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள்; பக்கம் இல்லை என்ற கணக்கிலேயே கூகுள் பெரும்பாலும் அதை வைத்துக்கொள்ளும்.